குழந்தைக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அம்மா எதை நிறுத்த வேண்டும்?

ஒன்றரை மாதக் குழந்தை சாயங்காலம் ஆறு மணிக்கு அழ ஆரம்பித்து ஒன்பது மணி வரை ஓயவில்லை என்றால், நம் வீடுகளில் முதலில் விசாரணைக்கு வருவது அதன் அம்மாதான். “ஏம்மா, மத்தியானம் என்ன சாப்பிட்டே?” உருளைக்கிழங்கு என்றால் வாயு. முட்டைக்கோஸ் என்றால் அதைவிட வாயு. தயிர் என்றால் சளி, மாம்பழம் என்றால் மாந்தம். ராத்திரிக்குள் ஏதாவது ஒன்று அவள் தட்டிலிருந்து போய்விடும். மறுநாளும் குழந்தை அழும், இன்னொன்றும் போகும். மூன்றாம் மாதம் பிறக்கும்போது அவள் ரசஞ்சோறும் பூண்டுக் குழம்பும் மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருப்பாள். குழந்தையின் அழுகையும் அப்போது நின்றிருக்கும். பத்தியம் பலித்துவிட்டது என்று வீடே சொல்லும். ஆனால் பெரும்பாலான குழந்தைகளுக்கு அந்த அழுகை மூன்று நான்கு மாதத்தில் தானாகவே நிற்கக்கூடியது.

அப்படியானால் அம்மா சாப்பிடுவதற்கும் குழந்தையின் வயிற்றுக்கும் சம்பந்தமே இல்லையா? இருக்கிறது. சில குழந்தைகளுக்கு உண்மையாகவே இருக்கிறது. அந்தச் சிலரில் நம் குழந்தையும் உண்டா என்று கண்டுபிடிக்க ஒரு முறை இருக்கிறது. அது பட்டியல் போட்டு எல்லாவற்றையும் நிறுத்துவதல்ல. ஒன்றே ஒன்றை நிறுத்தி, பார்த்து, மறுபடி சேர்த்துப் பார்ப்பது. இந்தக் கடைசிப் படியைத்தான் ஏறக்குறைய எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

சாப்பிட்டதில் எது பாலுக்குப் போகிறது?

தாய்ப்பால் அம்மாவின் வயிற்றிலிருந்து நேராக வருவதில்லை. ரத்தத்திலிருந்து தேவையானதை எடுத்து மார்பிலுள்ள செல்கள் அதைத் தயாரிக்கின்றன. ஆகவே ஒரு பொருள் பாலுக்குள் போக வேண்டுமென்றால் முதலில் அம்மாவின் ரத்தத்துக்குள் போயாக வேண்டும். வாயு போகாது. முட்டைக்கோஸிலும் பருப்பிலும் உள்ள நார்ப்பொருளைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் புளிக்கவைப்பதால் உண்டாகும் காற்று அம்மாவின் வயிற்றைத்தான் உப்பவைக்கும். அது பால்வழியாகக் குழந்தைக்குப் போய்ச் சேர வழியில்லை.

வாசனை போகும். 1991-இல் அமெரிக்காவில் ஜூலி மென்னெல்லா, கேரி போஷாம்ப் என்ற இரு ஆய்வாளர்கள் பால் கொடுக்கும் தாய்மாருக்குப் பூண்டு மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு மணி நேரம் போனபின் பாலில் பூண்டு வாசனை தூக்கலாக இருந்தது. குழந்தைகள் முகம் சுளிக்கவில்லை, அன்று கூடுதல் நேரம் மார்பில் இருந்தார்கள். பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டை உரித்து உரித்துக் கொடுக்கும் நம் பாட்டிமார் இதைப் படித்தால் சிரிப்பார்கள்.

இன்னொன்றும் போகிறது: புரதத் துணுக்குகள். நாம் சாப்பிடும் புரதம் முழுக்கச் செரிமானமாகிச் சிதைந்துவிடும் என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். பெரும்பகுதி அப்படித்தான். மிகக் கொஞ்சம் சிதையாமலோ அரைகுறையாகவோ ரத்தத்தில் கலந்து, அங்கிருந்து பாலுக்கு வந்துவிடும். பசும்பாலில் பீட்டா லாக்டோகுளோபுலின் என்று ஒரு புரதம் உண்டு. மனித உடம்பு அதைத் தயாரிப்பதே இல்லை. ஆனாலும் பசும்பால் குடிக்கும் பல தாய்மாரின் பாலில் அது சில மணி நேரத்துக்குள் தென்படுகிறது. அளவு கிராமில் அல்ல, நானோகிராமில், அதாவது ஒரு கிராமை நூறு கோடியாகப் பங்கிட்டால் வருகிற ஒரு பங்கின் கணக்கில். பெரும்பாலான குழந்தைகளுக்கு இது ஒன்றும் செய்யாது. இப்படிக் கொஞ்சங்கொஞ்சமாக வெளிப் புரதங்களோடு பழகுவது அவர்களின் எதிர்ப்புச் சக்திக்குப் பயிற்சிபோல அமையலாம் என்றும் ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மிகச் சில குழந்தைகளின் குடல் மட்டும் அந்தத் துளியையும் பகையாக எடுத்துக்கொள்கிறது.

எத்தனை சிலர்? தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தைகளில் பசும்பால் புரத ஒவ்வாமை ஏறத்தாழ 0.5 விழுக்காடு என்பது மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. இருநூறு குழந்தைகளில் ஒன்று. அழுகிற குழந்தைகளோ இருநூறில் இருநூறு!

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பலர் இதை லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாமை என்று சொல்கிறார்கள். அது வேறு, இது வேறு. லாக்டோஸ் என்பது பாலிலுள்ள சர்க்கரை. தாய்ப்பாலிலும் அது நூறு மில்லிக்கு ஏழு கிராம் அளவு இருக்கிறது, பசும்பாலைவிடக் கூடுதல். அம்மா பால் குடித்தாலும் குடிக்காவிட்டாலும் அந்த அளவு மாறாது. நாம் இங்கே பேசுவது பசும்பாலின் புரதத்தைப் பற்றி. அதனால் கடையில் ‘லாக்டோஸ் ஃப்ரீ’ பால் வாங்கி அம்மா குடிப்பதால் ஒரு பயனும் இல்லை, அதில் புரதம் அப்படியே இருக்கும்.

எதைப் பார்த்தால் சந்தேகப்படலாம்?

அழுகை ஒன்றை மட்டும் வைத்து எதையும் நிறுத்த வேண்டாம். மாரிஸ் வெஸல் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் 1954-இல் ஒரு கணக்குச் சொன்னார்: நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் மூன்று நாளுக்கு மேல், மூன்று வாரத்துக்கு மேல் அழுதால் அது ‘காலிக்’. இந்த அழுகை பெரும்பாலும் ஆறாவது வாரத்தில் உச்சத்துக்குப் போய், பிறகு மெல்ல இறங்கும். இத்தனை அழுதும் குழந்தை நன்றாகப் பால் குடித்து, எடை ஏறி, மற்ற நேரத்தில் முகம் பார்த்துச் சிரிக்கிறது என்றால் ஒவ்வாமை என்று நினைக்கக் காரணம் குறைவு.

பால் குடித்ததும் வாயோரம் கக்குவதும் அப்படித்தான். கக்கிவிட்டுக் கையைக் காலை ஆட்டிக்கொண்டு கிடக்கும் குழந்தைக்குத் துணியால் வாயைத் துடைத்துவிட்டால் போதும். ஒரு நாளைக்குப் பத்து முறை மலம் போவதும், இரண்டு மாதக் குழந்தை நாலைந்து நாள் போகாமல் இருந்து பிறகு ஒரேயடியாகத் துணியை நனைப்பதும் தாய்ப்பால் குழந்தைக்கு இயல்பு. பச்சையாகப் போனாலும் பயம் வேண்டாம். பச்சையாக நுரைத்துக்கொண்டு போகிறது, அம்மாவுக்குப் பாலும் ஏராளமாகச் சுரக்கிறது என்றால், குழந்தை ஒரு பக்கத்தைக் குடித்து முடிக்கும் முன் மறு பக்கம் மாற்றுகிறோமா என்று பாருங்கள். பல சமயம் சிக்கல் சாப்பாட்டில் இல்லை, பால் கொடுக்கும் விதத்தில் இருக்கும்.

சந்தேகப்பட வைப்பது வேறு. முக்கியமாக மலத்தில் ரத்தம். தாய்ப்பால் குழந்தையின் மலம் அரைத்த கடுகுபோல மஞ்சளாக, சின்னச் சின்னத் திரிதிரியாக இருக்கும். அதில் மூக்குச் சளி மாதிரி வழவழப்பாக நீண்டு ஒன்று தெரிந்து, அந்தச் சளியோடு சிவப்பு நூல்போல ஒன்றிரண்டு கோடு ஒட்டியிருந்தால் கவனிக்க வேண்டும். வெள்ளைத் துணியில் வெளிச்சத்தில் பார்த்தால் நன்றாகத் தெரியும். போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், மருத்துவரிடம் பத்து நிமிடம் விவரிப்பதைவிட அது உதவும். இப்படி ரத்தக்கோடு தெரிகிற குழந்தைகள் பெரும்பாலும் மற்றபடி கொழுகொழுவென்று நன்றாகவே இருப்பார்கள் என்பதுதான் விசித்திரம். பிறந்த சில வாரத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் இது தொடங்கும்.

ரத்தக் கோட்டோடு அல்லது அது இல்லாமலே, உடம்பெல்லாம் பரவி எந்தக் களிம்புக்கும் அடங்காத கரப்பான், விடாத வயிற்றுப்போக்கு, கக்குவதோடு நிற்காமல் பால் குடிக்கவே மறுத்து முதுகை வளைத்து அழுவது, எடை ஏறாமல் நிற்பது ஆகியவையும் சேர்ந்தால் சந்தேகம் வலுக்கும். ஒன்று மட்டும் இருந்தால் வேறு காரணமாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

ரத்தத்துக்கும் வேறு காரணங்கள் உண்டு. ஆசனவாயில் சின்ன வெடிப்பு இருக்கலாம். அம்மாவின் காம்பு வெடித்திருந்தால் குழந்தை விழுங்கியது அம்மாவின் ரத்தமாகவே இருக்கலாம். கிருமித் தொற்றாகவும் இருக்கலாம். அதனால் ரத்தம் என்றால் சாப்பாட்டை மாற்றும் முன் குழந்தை நல மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். காய்ச்சல், பச்சை நிற வாந்தி, வயிறு கல்லாக உப்புவது, விட்டுவிட்டு வீறிட்டு அழுது இடையில் துவண்டு போவது, ஜெல்லிபோலச் சிவந்த மலம், இவற்றில் எது இருந்தாலும் நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும். பால் குடித்துச் சில நிமிடத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் உடம்பெங்கும் தடிப்பு, உதடு முகம் வீக்கம், மூச்சுத் திணறல் வந்தாலும் அதேதான்.

முதலில் குழந்தையின் வாயைப் பாருங்கள்

அம்மாவின் தட்டில் கைவைப்பதற்கு முன் ஒரு கேள்வி: குழந்தைக்கு நேராக என்னென்ன போகிறது? ‘தாய்ப்பால் மட்டும்தான்’ என்று சொல்லும் வீட்டிலேயே கொஞ்சம் துருவிக் கேட்டால் ஒவ்வொன்றாக வெளியே வரும். காலையில் உரை மருந்து ஒரு சங்கு. அழுதால் வசம்பு. தேனில் குழைத்து ஏதோ ஒன்று. கிரைப் வாட்டர். தெருவில் வந்தால் கழுதைப்பால். ராத்திரி அம்மா தூங்கட்டும் என்று பாட்டி புகட்டும் ஒரு பாலாடை பவுடர் பால். இவை எல்லாம் போய்க்கொண்டிருக்கும்போது அம்மா சாப்பிட்ட கத்தரிக்காயைக் குற்றம் சொல்வது நியாயமே இல்லை. பவுடர் பாலில் பசும்பால் புரதம் கிராம் கணக்கில் போகிறது. ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது, அதிலுள்ள ஒரு கிருமியின் வித்துகள் பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சாகலாம். இவற்றை நிறுத்திவிட்டு ஒரு வாரம் பார்த்தாலே பல வீடுகளில் பிரச்சினை முடிந்துவிடும்.

ஒன்றை மட்டும், இரண்டிலிருந்து நான்கு வாரம்

சரி, மருத்துவரும் பார்த்துவிட்டார், அவருக்கும் சந்தேகம் இருக்கிறது. எதை நிறுத்துவது? பசும்பாலை. தாய்ப்பால்வழி வரும் ஒவ்வாமையில் முதல் சந்தேகம் எப்போதும் அதன்மேல்தான். முட்டை, சோயா, கோதுமை எல்லாம் அதற்குப் பிறகு. இரண்டிலிருந்து நான்கு வாரம் பாலையும் பால் சேர்ந்த எதையும் அம்மா முழுவதுமாக விட வேண்டும். காபியைப் பாதியாகக் குறைப்பது சோதனை ஆகாது.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், போனில் வந்த ஒரு பட்டியலைப் பார்த்து ஒரே நாளில் பால், முட்டை, கோதுமை, வேர்க்கடலை, பருப்பு, மீன் அனைத்தையும் அந்தப் பெண் நிறுத்திவிட்டாள். குழந்தைக்குச் சரியாகிவிட்டது. ஆனால் எதை நிறுத்தியதால் சரியானது என்று யாருக்கும் தெரியவில்லை. எதைத் திரும்பச் சாப்பிடவும் அவளுக்குப் பயம். குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரை ரசத்திலேயே ஓட்டி, எடை கரைந்து, தலைமுடி கொட்டி, பாலும் குறைந்துவிட்டது என்று வருந்திக்கொண்டிருந்தாள். அவள் செய்தது தவம்தான். அதனால் தெரிந்துகொண்டது மட்டும் ஒன்றுமில்லை.

பாலை நிறுத்துவது நம் சமையலில் எவ்வளவு சிரமம், எவ்வளவு சுலபம் என்று பார்ப்போம். வெளிப்படையாகத் தெரிவது பால், தயிர், மோர், வெண்ணெய், பன்னீர், பால்கோவா. நெய்யில் புரதம் மிகமிகக் குறைவு என்றாலும் சோதனைக் காலத்தில் அதுவும் வேண்டாம். இங்கேதான் பலர் தடுக்குவது: பிரசவ லேகியத்தில் நெய் இருக்கும். மோர்க்குழம்பை நினைவு வைப்பார்கள், மோர் மிளகாயை மறந்துவிடுவார்கள். ரவா தோசை மாவில் மோர் விட்டிருப்பார்கள். பிரியாணியில் தயிர், ஹோட்டல் குருமாவில் கிரீம், பேக்கரி பன்னில் பால் பவுடர் இருக்கலாம். பால் கொடுக்கும் அம்மாக்களுக்கென்றே விற்கும் புரதப் பவுடர்களில் பலவும் பால் பவுடரில் செய்தவைதான்.

பாக்கெட் பொருள் என்றால் பின்புறத்தைத் திருப்புங்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 லேபிள் விதிப்படி, பால், முட்டை, சோயா, மீன், கடலை வகைகள், குளூட்டன் உள்ள தானியங்கள் போன்றவை சேர்ந்திருந்தால் அதைத் தனியாக அறிவிக்க வேண்டும். பொருள் பட்டியலின் அடியில் ‘கன்டெயின்ஸ்’ என்று தொடங்கும் ஒரு வரி இருக்கும், பார்வை முதலில் அங்கே போகட்டும். பட்டியலுக்குள் ‘மில்க் சாலிட்ஸ்’, ‘வே பவுடர்’, ‘கேசினேட்’ என்று இருந்தால் அவை எல்லாமே பால்தான். காரச் சிப்ஸிலும் மசாலா பிஸ்கட்டிலும்கூட இவை ஒளிந்திருப்பதைப் பார்க்கலாம்.

மாற்று என்று நினைத்துச் செய்யும் சில தவறுகள்: எருமைப்பால், ஆட்டுப்பால் உதவாது. அவற்றின் புரதம் பசும்பால் புரதத்துக்கு அவ்வளவு நெருக்கம், பசும்பால் ஆகாத குழந்தைகளில் பெரும்பாலோருக்கு ஆட்டுப்பாலும் ஆகாது. நாட்டு மாட்டுப் பால், ‘ஏ2’ பால் என்று விலை கொடுத்து வாங்குவதும் வீண், பீட்டா லாக்டோகுளோபுலின் அதிலும் உண்டு. சுண்டக் காய்ச்சினாலும் பாலிலுள்ள கேசின் என்ற புரதம் அசையாது. சோயா பாலுக்கு உடனே தாவவும் வேண்டாம், சில குழந்தைகளுக்கு அதுவும் சேராது. தேங்காய்ப் பால் தாராளமாகச் சேர்க்கலாம். நம் ஊர் அடுக்களைக்கு இது பெரிய வரம்: ஆப்பம், சொதி, பாயசம் எல்லாம் அதில் நடந்துவிடும்.

அம்மாவின் தட்டு

பச்சை உடம்புக்காரிக்கு ஏற்கெனவே வீட்டுப் பத்தியம் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். அதன்மேல் மருத்துவப் பத்தியமும் ஏறினால் சாப்பிட என்ன மிஞ்சும்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரைப்படி முதல் ஆறு மாதம் பால் கொடுக்கும் பெண்ணுக்கு வழக்கத்தைவிட நாளுக்கு 600 கலோரி கூடுதலாக வேண்டும். ஏறக்குறைய இன்னொரு வேளைச் சாப்பாடு. என் கருத்தில், பாலை நிறுத்தும் நாளிலேயே மற்ற தடைகளை எல்லாம் எடுத்துவிட வேண்டும். உருளைக்கிழங்கு, பருப்பு, கீரை, முட்டை, வாழைப்பழம், ஆரஞ்சு என்று எல்லாம் திரும்பி வரட்டும். மாமியாரிடம் இதைச் சொல்வது சிரமம் என்றால் மருத்துவர் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சீட்டுக்கு நம் வீடுகளில் தனி மரியாதை உண்டு.

பால் போனால் முதலில் விழும் பள்ளம் கால்சியம். பால் கொடுக்கும் பெண்ணுக்கு நாளுக்கு 1,200 மில்லிகிராம் தேவை. அது சாப்பாட்டில் வராவிட்டாலும் தாய்ப்பாலில் கால்சியம் பெரிதாகக் குறையாது. அம்மாவின் எலும்பிலிருந்து உடம்பு எடுத்துக் கொடுத்துவிடும். ஒரு டம்ளர் பசும்பாலில் 240 மில்லிகிராம் அளவுக்கு இருக்கும். நூறு கிராம் கேழ்வரகு மாவில் ஏறத்தாழ 350 இருக்கிறது. எள்ளிலும் அகத்திக்கீரையிலும் முருங்கைக்கீரையிலும் நிறைய உண்டு. மீன் சாப்பிடுகிறவர்கள் நெத்திலி போன்ற சின்ன மீனை முள்ளோடு சாப்பிடலாம். தாவர உணவிலிருந்து உடம்பு அத்தனையையும் உறிஞ்சாது என்பதால் மாத்திரையும் வேண்டும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரசவத்துக்குப் பின் ஆறு மாதம்வரை நாளுக்கு இரண்டு என்று தரும் கால்சியம் மாத்திரை ஒவ்வொன்றிலும் 500 மில்லிகிராம் இருக்கிறது, வைட்டமின் டியும் சேர்ந்தது. பலர் அதை வாங்கி அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். இரும்புச் சத்து மாத்திரையோடு சேர்த்து ஒரே நேரத்தில் விழுங்காமல், ஒன்று காலை உணவோடு, ஒன்று ராத்திரி உணவோடு என்று பிரித்துக்கொண்டால் போதும்.

இரண்டாவது பள்ளம் கண்ணுக்குத் தெரியாதது, அதனால் கூடுதல் ஆபத்து. சுத்த சைவக் குடும்பத்தில் வைட்டமின் பி12 வருவதே பாலிலும் தயிரிலும்தான். அதை நிறுத்தி, மாற்றாக எதுவும் எடுக்காவிட்டால் அம்மாவுக்கும் குறையும், அவள் பாலிலும் குறையும். பி12 இல்லாத குழந்தை சோர்ந்து, ரத்தம் குறைந்து, கழுத்து நிற்பது, உட்காருவது போன்றவற்றில் பின்தங்கி, சில சமயம் கை கால் நடுங்கும் நிலைக்கே போகும். முட்டையும் மீனும் சாப்பிடாத அம்மா பாலை விடுவதென்றால் பி12 மாத்திரை கட்டாயம். எத்தனை, எவ்வளவு என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மற்றபடி ஒரு நாள் இப்படிப் போகலாம். காலையில் கேழ்வரகு அடையோ இட்லியோ, நல்லெண்ணெய் குழைத்த எள்ளுப் பொடி. பதினொரு மணிக்குக் கருப்பட்டிக் காபியும் ஒரு முட்டையும். மத்தியானம் சோறு, பருப்புப் போட்ட முருங்கைக்கீரைக் கூட்டு, மீன் குழம்பு அல்லது கொண்டைக்கடலைக் குழம்பு. சாயங்காலம் எள்ளுருண்டை, கொய்யாப்பழம். ராத்திரி ஆப்பமும் தேங்காய்ப் பாலும். பட்டினி கிடக்க வேண்டிய அவசியம் எங்கே இருக்கிறது? காபியில் பால் இல்லாததுதான் பெரிய துக்கம். அது மூன்றாம் நாளோடு பழகிவிடும் என்று சொல்கிறார்கள், நான் நம்புவதில்லை.

திரும்பச் சேர்ப்பதுதான் சோதனை

பால் நிறுத்தி நாலைந்து நாளிலேயே சில குழந்தைகளுக்கு ரத்தக்கோடு மறையும். சிலருக்கு இரண்டு வாரம் ஆகும். கரப்பானுக்கு நான்கு வாரம்கூடப் பிடிக்கலாம். அம்மாவின் பாலிலிருந்து அந்தப் புரதம் அதற்கு வெகு முன்பே போய்விடும், புண்பட்ட குடல் ஆறத்தான் இத்தனை நாள். தினம் ராத்திரி ஒரு நோட்டில் இரண்டு வரி எழுதுங்கள்: மலம் எத்தனை முறை, ரத்தம் உண்டா, தோல் எப்படி, எவ்வளவு நேரம் அழுதது. நினைவை நம்ப வேண்டாம். தூக்கம் கெட்ட அம்மாவுக்கு நேற்று எது, முந்தாநாள் எது என்றே தெரியாது.

நான்கு வாரம் முழுதாக விட்டும் துளி மாற்றமும் இல்லை என்றால் பால் குற்றவாளி இல்லை. அன்றைக்கே தயிர்ச்சோறு சாப்பிடலாம். அடுத்து முட்டையா சோயாவா என்று தேடுவதா, ஒவ்வாமை என்ற எண்ணத்தையே கைவிடுவதா என்று மருத்துவரோடு பேசி முடிவெடுங்கள். தேடுவதானாலும் ஒரு நேரத்தில் ஒன்றுதான்.

மாற்றம் தெரிந்தால்? இங்கேதான் எல்லோரும் மூச்சு விட்டுவிட்டு, “பால்தான் காரணம்” என்று முடித்துவிடுகிறார்கள். ஆனால் அந்த நான்கு வாரத்தில் குழந்தையும் ஒரு மாதம் வளர்ந்திருக்கிறது. காலிக்காக இருந்தால் தானாகவே குறைந்திருக்கும். மலத்தில் எப்போதாவது தெரியும் ரத்தக்கோடும் பல குழந்தைகளுக்கு எதுவும் செய்யாமலே நின்றுவிடும். அதனால் அம்மா மறுபடி பால் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். முதல் நாள் கொஞ்சம் தயிர், அடுத்து ஒரு டம்ளர் பால் என்று ஒரு வாரத்தில் பழைய அளவுக்கு வரலாம். ஒவ்வாமை உண்மையாக இருந்தால் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில், தாமதித்தால் ஒரு வாரத்தில், பழைய தொல்லை திரும்பும். திரும்பவில்லையா? சந்தேகத்தை விட்டுவிடுங்கள், இனி எந்தத் தடையும் இல்லை. தடிப்பு, வீக்கம், மூச்சுத் திணறல், கடும் வாந்தி வந்த குழந்தைகளுக்கு மட்டும் இந்தச் சோதனையை வீட்டில் செய்யக் கூடாது.

வலிய வந்த நிம்மதியை ஏன் கெடுத்துக்கொள்வது என்று தோன்றும். புரிகிறது. ஆனால் அந்த ஒரு வாரத் தயக்கத்தால் ஒரு வருஷம் வீணாகப் பால் இல்லாமல் இருக்கும் அம்மாக்கள் நிறைய. ரத்தப் பரிசோதனை செய்து தெரிந்துகொள்ளலாமே என்றால், தாமதமாக வெளிப்படும் இந்த வகை ஒவ்வாமை ரத்தப் பரிசோதனையிலோ தோலில் குத்திப் பார்க்கும் பரிசோதனையிலோ பிடிபடாது. முடிவு சொல்வது நிறுத்திச் சேர்க்கும் சோதனை ஒன்றுதான். ரத்தத்திலுள்ள ‘ஐஜிஜி’ என்ற எதிர்ப்புப் புரதத்தை அளந்து நூறு உணவுக்குப் பட்டியல் தரும் ஆய்வகங்களுக்குப் பணம் கட்டாதீர்கள். அது காட்டுவது நீங்கள் எதைச் சாப்பிட்டுப் பழகியிருக்கிறீர்கள் என்பதைத்தான்.

“தாய்ப்பால் ஒத்துக்கொள்ளவில்லை, நிறுத்திவிட்டு ஸ்பெஷல் பவுடர் கொடுங்கள்” என்று யாராவது சொன்னால் இன்னொரு மருத்துவரிடமும் கேளுங்கள். ஒத்துக்கொள்ளாதது தாய்ப்பால் அல்ல, அதில் வரும் வெளிப் புரதத்தின் துளி. பிரிட்டனில் 2006-க்கும் 2016-க்கும் இடையே இந்த ஒவ்வாமைக்கென்று எழுதப்பட்ட சிறப்புப் பவுடர் பால் சீட்டுகள் ஏறக்குறைய ஆறு மடங்காயின. குழந்தைகளிடம் ஒவ்வாமை அப்படிப் பெருகியதற்கு ஆதாரம் இல்லை என்று 2018-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கட்டுரை வந்து, பவுடர் கம்பெனிகளின் கை இதில் எவ்வளவு என்று கேள்வி எழுப்பியது. இந்தியாவில் குழந்தைப் பவுடர் பாலை விளம்பரம் செய்ய 1992 சட்டம் தடை விதிக்கிறது. ஆனாலும் நல்லெண்ணத்தோடு சொல்லும் வாய்களுக்குத் தடை ஏது? அம்மா எல்லாம் செய்தும் குழந்தை எடை ஏறாத அபூர்வ நிலையில் அந்தப் பவுடர் தேவைப்படலாம். அது கடைசிப் படி.

பால் திரும்பியதும் தொல்லையும் திரும்பி, ஒவ்வாமை உறுதியானால், அம்மா மறுபடி பாலை விட்டு, குழந்தைக்கு ஒன்பது மாதத்திலிருந்து ஒரு வயது ஆகும்வரை, குறைந்தது ஆறு மாதமாவது, அப்படியே இருக்க வேண்டிவரும். ஆறாம் மாதம் குழந்தைக்குக் கூழும் சோறும் தொடங்கும்போது பாலை மட்டும் தவிர்த்தால் போதும். முட்டை, வேர்க்கடலை, கோதுமை, மீன் எல்லாவற்றையும் பயந்து தள்ளிப்போட வேண்டாம். கடலையை முழுதாகக் கொடுக்காமல் நைசாக அரைத்துக் கூழில் கலந்து கொடுங்கள். பாலைக் குழந்தைக்குப் பழக்கும் வேளை வரும்போது படிப்படியாக ஏற வேண்டும். முதலில் கொஞ்சம் பால் சேர்த்து வேகவைத்த பிஸ்கட், அப்புறம் கேக்கு, அப்புறம் பால் கலந்த தோசைபோன்ற பான்கேக், பிறகு சீஸ், தயிர், எல்லாவற்றுக்கும் கடைசியில் பால். நன்றாக வெந்த மாவோடு கலந்த பால் புரதத்தின் வீரியம் குறைவு என்பதால் இந்த வரிசை. ஒரு படியில் தொல்லை வந்தால் முந்தைய படிக்கு இறங்கி, சில மாதம் விட்டு மறுபடி முயலலாம். மலத்தில் ரத்தம் மட்டும் காட்டிய குழந்தைகளில் பெரும்பாலோர் ஒரு வயதுக்குள் பால் சாப்பிடத் தொடங்கிவிடுகிறார்கள்.